பேஸ்பால் அணியின் குளிர்கால ஒப்பந்தங்களைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, ஹுவான் சோட்டோ என்ற பேட்டருக்கு 15 ஆண்டுகளில் 76.5 கோடி டாலர் தர நியூயார்க் மெட்ஸ் அணி சம்மதித்துவிட்டது என்ற செய்தி வெளியானது. தொழில்முறை விளையாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் என்று எல்லோரும் எழுதினார்கள். 2025 செப்டம்பர் 28 அன்று அதே மெட்ஸ் மயாமியில் 0-4 என்று தோற்று, பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைய முடியாமல் ஊர் திரும்பியது. சோட்டோ தன் வேலையைச் செய்திருந்தார்: 43 ஹோம் ரன், 38 பேஸ் திருட்டு. அணியைக் கைவிட்டவை அதே குளிர்காலத்தில் பிட்சர்களோடு, அதாவது பந்து வீசுபவர்களோடு, செய்த சிறிய ஒப்பந்தங்கள். அவற்றைப் பற்றி அப்போது பேசியவர்கள் மிகக் குறைவு.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் குளிர்காலத்தில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பெரிய தொகை கண்ணைக் கட்டிவிடுகிறது. ஒரு அணியின் குளிர்காலத்தை உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையில் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாரை எவ்வளவு செலவில் வைத்துக்கொள்ள முடியும் என்பது முதலில். சந்தையில் யாரை வாங்கலாம் என்பது அதற்குப் பிறகு. அந்த வரிசையில், மெட்ஸின் 2024-25 குளிர்காலத்தைப் பாடமாக வைத்துக்கொண்டு போகலாம்.

படி 1: நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தப் படத்தை முதலில் மனத்திலிருந்து அகற்ற வேண்டும். இங்கே ஏல மேடையோ, ஒரே நாளில் முடிந்துபோகும் விற்பனையோ கிடையாது. அணிகளின் மொத்தச் செலவுக்குக் கண்டிப்பான உச்சவரம்பும் இல்லை. பேச்சுவார்த்தை மூன்று நான்கு மாதங்கள் நீளும். சில வீரர்கள் மார்ச் மாதம்வரைகூடக் காத்திருப்பார்கள்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ முடிகிறது. அடுத்த ஐந்து நாட்களுக்குள் ஒப்பந்தங்களில் உள்ள ‘ஆப்ஷன்’ முடிவுகளில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டுவிடும். அதன்பின் ஃப்ரீ ஏஜென்ட்கள், அதாவது எந்த அணிக்கும் கட்டுப்படாத வீரர்கள், வேறு அணிகளுடன் கையெழுத்திடலாம். நவம்பர் நடுவில், மற்ற அணிகள் எடுத்துவிடாதபடி இளம் வீரர்களை அணியின் 40 பேர் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கும் நாள் வரும். நவம்பர் 20-ஐ ஒட்டி, சம்பளம் இன்னும் முடிவாகாத வீரர்களில் யாருக்கு அடுத்த ஆண்டும் ஒப்பந்தம் தரப்போகிறோம் என்று அணி சொல்லியாக வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் எல்லா அணிகளின் நிர்வாகிகளும் ஓரிடத்தில் கூடும் குளிர்காலக் கூட்டம். 2024-இல் டல்லாஸில் நடந்தது. ஜனவரியில், சம்பளத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்காக அணியும் வீரரும் தத்தம் தொகையைச் சொல்லும் நாள். பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் திறக்கும்.

இவற்றில் நவம்பரைத் தவறவிடாதீர்கள். பரபரப்பு டிசம்பரில் வரும். அணியின் உண்மையான நோக்கம் நவம்பரிலேயே தெரிந்துவிடும்.

படி 2: ஒரு வீரர் எந்தப் படிக்கட்டில் நிற்கிறார் என்று பாருங்கள்

ஒரு வீரரின் சம்பளத்தைத் தீர்மானிப்பதில் திறமைக்கு முன்னால் வருவது பணிக்காலம். மேஜர் லீக் பட்டியலில் 172 நாட்கள் இருந்தால் ஓர் ஆண்டு என்று கணக்கு. முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-இல் அது 7.6 லட்சம் டாலர். மூன்று ஆண்டு முடித்தவர்கள் சம்பளத்தை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவது ஆண்டை நெருங்கியவர்களில் பணிக்காலம் அதிகமுள்ள 22 சதவீதத்தினருக்கு இந்த உரிமை ஓராண்டு முன்னதாகவே கிடைக்கும். ஆறு ஆண்டு முடித்தபின்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட்.

சோட்டோவின் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டொமினிகன் குடியரசைச் சேர்ந்த அவர் 2018 மே மாதம், 19 வயதில், வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காக முதன்முறை ஆடினார். 2019-இல் அந்த அணி வேர்ல்ட் சீரிஸை வென்றபோதும் அவர் சம்பளம் அடித்தட்டில்தான் இருந்தது. 2021-இல் 85 லட்சம், 2022-இல் 1.71 கோடி, 2023-இல் 2.3 கோடி, 2024-இல் 3.1 கோடி டாலர் என்று படிப்படியாக ஏறியது. நடுவே, 2022-இல், நேஷனல்ஸ் 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தர முன்வந்தது. அவர் மறுத்தார். அணி அவரை சான் டியேகோவுக்கு மாற்றியது. அங்கிருந்து நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். 2024 முடிவில் அவர் சந்தைக்கு வந்தபோது வயது 26. பெரும்பாலான ஃப்ரீ ஏஜென்ட்கள் 30-ஐத் தொட்டோ தாண்டியோதான் வருகிறார்கள். 76.5 கோடிக்கு அவருடைய ஆட்டம் எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்த வயதும் காரணம்.

இந்த ஆறு ஆண்டு விதிகூட சும்மா வந்துவிடவில்லை. 1970-களின் நடுப்பகுதிவரை ஒரு வீரர் ஓர் அணியில் கையெழுத்திட்டால், அணி விடுவிக்கும்வரை அவர் அதன் உடைமை. 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட்டைக் கேட்காமலேயே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கி விற்கப்படும் சரக்கு அல்ல நான் என்று லீகின் ஆணையருக்கு எழுதிவிட்டு, உச்ச நீதிமன்றம்வரை போனார். 1972-இல் 5-3 என்று தோற்றார்; அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு சிதைந்தது. 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகிய இரண்டு பிட்சர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே கதவு திறந்தது. வீரர்களுக்கு இவ்வளவு பணமா என்று எரிச்சல் வரும்போதெல்லாம் ஃப்ளட்டை நினைத்துப் பார்க்கும்படி புதியவர்களைக் கேட்டுக்கொள்வேன்.

நடுவர் மன்றம் பற்றி ஒரு குறிப்பு. வீரர் ஒரு தொகை கேட்பார், அணி ஒரு தொகை சொல்லும். விசாரணைவரை போனால் மூன்று நடுவர்களும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இடையில் ஒரு தொகை கிடையாது. அந்த அறையில் அணி தன் வீரரின் குறைகளை அவர் முன்னாலேயே அடுக்க வேண்டியிருக்கும். 2023-இல் மில்வாக்கி அணி, தன் சிறந்த பிட்சர் கார்பின் பர்ன்ஸுடன் சுமார் ஏழரை லட்சம் டாலர் வித்தியாசத்துக்காக இந்த வழியில் போய் வென்றது. உறவு புண்பட்டுவிட்டது என்பதை பர்ன்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். மறு ஆண்டு அவர் பால்டிமோர் அணியில் இருந்தார். அவ்வளவு பெரிய நிறுவனம் அந்தத் தொகைக்காக அதைச் செய்திருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

படி 3: நவம்பர் முடிவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்

இங்கே மூன்று விஷயங்கள்.

முதலாவது ஆப்ஷன். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டைத் தொடர்வதா வேண்டாமா என்பதை அணியோ வீரரோ முடிவு செய்யும் உரிமை அது. யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி. மெட்ஸ் பிட்சர் ஷான் மனாயாவுக்கு 2025-இல் 1.35 கோடி டாலருக்குத் தொடரும் உரிமை இருந்தது. 2024-இல் நன்றாக வீசியிருந்த அவர் அதை வேண்டாமென்று சந்தைக்குப் போனார்; பிறகு மூன்று ஆண்டுகள், 7.5 கோடி டாலர் என்று அதே மெட்ஸிடமே திரும்பி வந்தார். உரிமை வீரரிடம் இருந்தால், நன்றாக ஆடியவர் போய்விடுவார், சரியாக ஆடாதவர் தங்கிவிடுவார். அணியிடம் இருந்தால் நேர்மாறு.

இரண்டாவது, குவாலிஃபையிங் ஆஃபர். சந்தைக்குப் போகவிருக்கும் தன் வீரருக்கு அணி தரும் ஓராண்டு ஒப்பந்தம். தொகை பேச்சுவார்த்தையில் முடிவாவதில்லை. லீகின் அதிகச் சம்பளக்காரர்கள் 125 பேரின் சராசரி அது. 2024 நவம்பரில் 2.105 கோடி டாலர். ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் தர முடியும். அவர் அந்தப் பருவம் முழுவதும் அதே அணியில் இருந்திருக்கவும் வேண்டும். அவர் மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால், வாங்கும் அணி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் சில வாய்ப்புகளை இழக்கும். விட்ட அணிக்கு இழப்பீடாக ஒரு வாய்ப்பு கிடைக்கும். மெட்ஸ் அந்த ஆண்டு பீட் அலோன்சோ, மனாயா, லூயிஸ் செவெரினோ மூவருக்கும் தந்தது, மூவரும் மறுத்தார்கள். செவெரினோ அத்லெட்டிக்ஸ் என்ற அணிக்குப் போனார், மெட்ஸுக்கு இழப்பீடு கிடைத்தது. மறுபக்கம், யாங்கீஸின் ஆஃபரை மறுத்துவிட்டு வந்த சோட்டோவை எடுத்ததால் மெட்ஸ் தன் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த டிராஃப்ட் வாய்ப்புகளையும், வெளிநாட்டு இளைஞர்களை ஒப்பந்தம் செய்யும் நிதியில் 10 லட்சம் டாலரையும் இழந்தது. இந்தச் சுமை சோட்டோ போன்ற நட்சத்திரத்தைப் பாதிக்காது. நடுத்தர வீரரைத்தான் அழுத்தும். அவரை வாங்க நினைக்கும் அணிகள் தயங்கி நிற்கும்.

மூன்றாவது, கழற்றிவிடுதல். நடுவர் மன்றம்வரை போகக்கூடிய வீரரின் சம்பளம் அதிகமாகிவிடும் என்று தோன்றினால், அணி அவருக்கு ஒப்பந்தமே தராமல் விட்டுவிடலாம். 2020 டிசம்பரில் சிகாகோ கப்ஸ் இப்படி விட்டவர் கைல் ஷ்வார்பர். ஃபிலடெல்ஃபியா அவரை 2022-இல் நான்கு ஆண்டுகளுக்கு 7.9 கோடி டாலருக்கு எடுத்தது. 2025-இல் அவர் 56 ஹோம் ரன் அடித்தார். இந்தப் பட்டியல் வெளிவரும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள். மலிவாகக் கிடைக்கும் நல்ல வீரர்கள் அதில் இருக்கக்கூடும்.

படி 4: வரிக் கோட்டை வரைந்துகொள்ளுங்கள்

உச்சவரம்பு இல்லை என்றேன்; ஆனால் சொகுசு வரி இருக்கிறது. அணியின் மொத்தச் சம்பளச் செலவுக்கு 2025-இல் அதன் எல்லை 24.1 கோடி டாலர், 2026-இல் 24.4 கோடி. எல்லையைத் தாண்டிய தொகைக்கு முதல் ஆண்டு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு முதல் 50 சதவீதம் வரி. எல்லையைவிட 6 கோடி டாலருக்கு மேலே போனால் இன்னும் 60 சதவீதம் கூடும். மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோயனின் செலவைப் பார்த்துக் கொண்டுவந்தது என்பதால் இந்த உச்சத் தட்டை அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

ஆண்டுக்கு 2.7 கோடி டாலர் சராசரியுள்ள ஓர் ஒப்பந்தம் முழுவதும் அந்த உச்சத் தட்டின் மேல் விழுந்தால், தொடர்ந்து வரி கட்டிவரும் அணிக்கு 110 சதவீதம், அதாவது இன்னும் 2.97 கோடி வரியாகப் போகும். ஆகவே ஒரே வீரர் எல்லா அணிகளுக்கும் ஒரே விலை அல்ல. உங்கள் அணி எந்தத் தட்டில் நிற்கிறது என்று தெரியாமல், இவரை ஏன் வாங்கவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

வரிக்கு எடுத்துக்கொள்வது அந்த ஆண்டுச் சம்பளத்தை அல்ல. மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியை. சோட்டோவுக்கு அது 5.1 கோடி.

படி 5: ஒப்பந்தத்தைப் பிரித்துப் படியுங்கள்

தலைப்புத் தொகையை மறந்துவிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஆண்டுகள்? முடியும்போது வீரருக்கு வயது என்ன? பணம் எப்போது போய்ச் சேரும்? நடுவில் யார் வெளியேறலாம்?

பணம் எப்போது என்பதற்கு ஷோஹெய் ஒட்டானி. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுடன் 10 ஆண்டுகள், 70 கோடி டாலர். ஆனால் ஆடும் காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான் வாங்குகிறார். மீதி 68 கோடியும் 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் வந்து சேரும். தள்ளிப்போட்ட பணத்தின் இன்றைய மதிப்பு குறைவு என்பதால் வரிக் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 4.6 கோடி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சோட்டோவின் ஒப்பந்தத்தில் தள்ளிப்போட்ட பணம் ஒரு டாலரும் இல்லை, கையெழுத்துக்கே 7.5 கோடி. இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 6.5 கோடி வித்தியாசம்தான் தெரியும்; உண்மை இடைவெளி அதைவிட மிகப் பெரியது.

நடுவில் வெளியேறுவதற்கு அலோன்சோ. முதல் பேஸில் ஆடும் இந்த ஹோம் ரன் அடிப்பவர் நீண்ட ஒப்பந்தம் தேடிச் சந்தைக்குப் போனார், கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மெட்ஸுடனேயே இரண்டு ஆண்டுகள், 5.4 கோடி டாலர், முதல் ஆண்டுக்குப் பின் விலகும் உரிமையோடு கையெழுத்திட்டார். 2025-இல் நன்றாக ஆடினார், விலகினார், பால்டிமோரில் ஐந்து ஆண்டுகளுக்கு 15.5 கோடி வாங்கிக்கொண்டார். அதே குளிர்காலத்தில் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் எட்வின் டியாஸும் இதே உரிமையைப் பயன்படுத்தி டாட்ஜர்ஸுக்குப் போனார். விலகும் உரிமை இருக்கிற ஒப்பந்தத்தை அணிக்கு லாபமான குறுகிய ஒப்பந்தம் என்று படிக்காதீர்கள். வீரர் சிறப்பாக ஆடினால் அணிக்கு ஓராண்டுதான். காயப்பட்டால் முழுத் தொகையும் அணியின் தலையில்.

சோட்டோவுக்கும் 2029 பருவத்துக்குப் பின் விலகும் உரிமை உண்டு. ஆனால் மீதி 10 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் கூட்டித் தந்தால் மெட்ஸ் அதை ரத்து செய்யலாம். அப்படி நடந்தால் மொத்தம் 80.5 கோடி. இந்த ஒரு விதியைப் படித்தாலே இரு தரப்பும் எவ்வளவு கவனமாகப் பேசியிருக்கிறார்கள் என்பது புரியும்.

இன்னொன்று: மருத்துவப் பரிசோதனை முடியும்வரை எதையும் முடிந்ததாக எண்ணாதீர்கள். 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரியாவுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ 13 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலர் என்று ஒப்புக்கொண்டது. பழைய கால் காயத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கியது. உடனே மெட்ஸ் 12 ஆண்டுகளுக்கு 31.5 கோடி என்றது. அதுவும் அதே காரணத்தால் நின்றது. கடைசியில் மின்னசோட்டாவில் ஆறு ஆண்டுகள், 20 கோடி.

படி 6: கூரைக்கு முன் தூண்களை எண்ணுங்கள்

என்னைக் கேட்டால் இதுவே மிக முக்கியமான படி. அதிகம் பேர் தாண்டிப்போவதும் இதையே.

162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தை ஐந்து தொடக்க பிட்சர்களோடு, அதாவது ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசுபவர்களோடு, யாரும் கடப்பதில்லை. எட்டு ஒன்பது பேராவது தேவைப்படுவார்கள். ஆகவே ஒரு காகிதத்தில் உங்கள் அணியின் தொடக்க பிட்சர்களை ஒன்று முதல் ஒன்பது வரை எழுதுங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் கடந்த ஆண்டு எத்தனை இன்னிங்ஸ் வீசினார், என்ன காயம் என்று குறியுங்கள்.

மெட்ஸ் அந்தக் குளிர்காலத்தில் சோட்டோவுக்கு வெளியே செய்தது இது: மனாயாவுக்கு 7.5 கோடி, ஃபிராங்கி மொன்டாஸுக்கு இரண்டு ஆண்டுகளில் 3.4 கோடி, அதுவரை கடைசி இன்னிங்ஸ்களில் வந்துகொண்டிருந்த கிளே ஹோம்ஸைத் தொடக்க பிட்சராக மாற்ற மூன்று ஆண்டுகளில் 3.8 கோடி, கிரிஃபின் கேனிங்குக்கு ஓராண்டு, 42.5 லட்சம். நடுத்தர விலையில் பலரை எடுத்து, அவர்களில் சிலராவது தேறுவார்கள் என்று நம்பும் வழி. நிர்வாகத் தலைவர் டேவிட் ஸ்டெர்ன்ஸ் 2024-இல் செவெரினோ, மனாயா இருவரையும் இதே வழியில் எடுத்து வென்றிருந்தார்.

2025 ஜூன் 12 வரை அதுவும் வென்றது. மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி, லீகிலேயே சிறந்த கணக்கு. அன்றைய ஆட்டத்திலேயே மெட்ஸ் பிட்சர் கோடாய் செங்கா தொடைத் தசையில் காயப்பட்டார். இரண்டு வாரத்தில் கேனிங்குக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. மொன்டாஸும் மனாயாவும் பயிற்சி முகாமிலேயே காயப்பட்டு, தாமதமாக வந்து, தடுமாறினார்கள். ஹோம்ஸ் மட்டும் 165 இன்னிங்ஸுக்கு மேல் தாங்கினார். அதன்பின் 38-55. முடிவில் 83-79.

ஆகஸ்டில் மேலே அழைக்கப்பட்ட, மெட்ஸின் சொந்தக் கீழ்நிலை அணிகளில் வளர்ந்த நோலன் மெக்லீன் குறைந்தபட்சச் சம்பளத்தில் மற்றவர்களைவிட நன்றாக வீசினார். அதனால் உங்கள் காகிதத்தில் இளம் பிட்சர்களின் பெயர்களும் இருக்கட்டும். சந்தையில் வாங்குவது அவர்கள் தயாராகும்வரை இடைவெளியை நிரப்பத்தான்.

படி 7: ஜப்பான் கதவு

ஜப்பானில் ஒன்பது ஆண்டு முடிக்காத வீரரை அவருடைய அணி அனுமதித்தால் மட்டுமே எடுக்க முடியும். பேச 45 நாள் அவகாசம். வாங்கும் அணி ஜப்பானிய அணிக்கும் தனியே பணம் தர வேண்டும்: முதல் 2.5 கோடி டாலருக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5, அதற்கு மேல் 15. 2023 டிசம்பரில் யோஷிநோபு யமமோட்டோவுக்கு டாட்ஜர்ஸ் தந்த 32.5 கோடிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவருடைய ஜப்பானிய அணி ஓரிக்ஸ் பஃபலோஸுக்குப் போனது 5.06 கோடி. 25 வயதுக்குக் கீழானவர்களுக்கு விதி வேறு, தொகையும் மிகச் சிறியது. ரோக்கி சசாக்கி 2025 ஜனவரியில் 65 லட்சம் டாலருக்கே வந்தார். அதனால்தான் அவரைப் பல அணிகள் துரத்தின.

படி 8: எங்கே பார்ப்பது

சம்பளத்துக்கும் வரிக் கணக்கிற்கும் ஸ்பாட்ராக். யார் எந்த இடத்தில், எத்தனை ஆண்டு பணிக்காலத்தோடு இருக்கிறார்கள் என்பதற்கு ஃபேன்கிராஃப்ஸின் அணிப் பக்கங்கள். அன்றாடச் செய்திக்கு எம்எல்பி டிரேட் ரூமர்ஸ். கடைசியாகச் சொன்னதில் நடுவர் சம்பள மதிப்பீடுகளும் முதல் 50 ஃப்ரீ ஏஜென்ட்கள் பட்டியலும் ஒவ்வோர் ஆண்டும் வரும். ‘இந்த வீரர்மேல் இந்த அணிக்கு ஆர்வம்’ என்ற செய்தியைப் படிக்கும்போது, அது வெளியானதால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். பெரும்பாலும் விலையை ஏற்ற விரும்பும் முகவருக்குத்தான்.

ஒரே அணியை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். முப்பதையும் ஒரே குளிர்காலத்தில் பின்தொடர முடியாது. தேதி பார்த்துத் தொடங்குவதும் நல்லது. அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான பொது ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடிகிறது. முந்தைய ஒப்பந்தம் முடிந்தபோது, 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தார்கள். ஒரு மேஜர் லீக் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகவில்லை. அந்தக் கதவடைப்புக்கு முந்தைய சில நாட்களில் அணிகள் அவசர அவசரமாக வாங்கிக் குவித்தன. ஆகவே 2026 நவம்பரில் உங்கள் காகிதம் தயாராக இருக்கட்டும். மேலே சொன்ன வரி எல்லை, ஆறு ஆண்டு விதி, குவாலிஃபையிங் ஆஃபர் எல்லாமே அந்தப் பேச்சுவார்த்தையில் மாறக்கூடியவை.